குடைச்சீலைக்கு மஞ்சள்

தம்பி,

நீ சப்பாத்தைக் கழற்ற முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெயின்கோட் ஒழுகவில்லை! ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை! உடைந்த குடைகளிலிருந்து நீ வெட்டி, நான் தைத்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில், உன் சைக்கிளில் மரைன் டிரைவ் நெடுகப் போய்த் திரும்பி வந்தேன். ஓம், நானேதான். அறுபதைத் தாண்டிய, முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிற, மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்குகிற உன் அம்மாதான். எட்டு நாளாக இதை வயிற்றுக்குள் அடக்கி வைத்துக்கொண்டு உனக்கு இடியப்பம் பரிமாறினேன். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்று நீ கொள்ளுப்பிட்டி ஒஃபீசுக்குக் கடைசி நாளாகப் போயிருக்கிறாய். கேக் வெட்டுவார்கள், கதைப்பார்கள், நீ வர ஆறு மணியாகும். வெள்ளிக்கிழமை பத்து ரெயின்கோட்டுகளோடு சிங்கப்பூரில் நடக்கும் சைக்கிள் கண்காட்சிக்குப் பறக்கிறாய். அங்கே ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களிடம் ஒரு வசனத்தைச் சொல்லப்போகிறாய். போன கிழமை முழுவதும் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நீ அதை இங்கிலீசில் சொல்லிப் பார்த்ததை நானும் அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். "இதில் ஒரு துண்டுகூடப் புதுச்சீலை இல்லை." அந்த வசனத்தை உனக்குத் தெரியாமல் நான் பொய்யாக்கி வைத்திருந்தேன், தம்பி. அதை நீ அங்கே போவதற்கு முன்பு சொல்லிவிடத்தான் இந்தக் கடிதம். நேரே சொல்லப் பலமுறை பார்த்தேன். வாயைத் திறந்தால் "சாப்பிட்டியோ" என்றுதான் வருகிறது.

முதலில் இருந்து வருகிறேன், குறுக்கே பேசாதே. பெட்ரோல் வரிசை நீண்டு கிடந்த நாட்களில் யாரிடமோ ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து, காலி ஊருக்குப் போகிற பெரிய வீதியால் ஒஃபீசுக்குப் போகப்போகிறேன் என்று நின்றாய். மழை பெய்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். குடை பிடிப்பேன் என்றாய். இரண்டாம் நாளே பம்பலப்பிட்டியில் காற்று உன் குடையைப் பூ மாதிரி மேலே விரித்துவிட்டது. கம்பி முறிந்த குடையைக் கையில் பிடித்தபடி, தலை முதல் கால் வரை நனைந்து, வாசலில் நின்று சிரித்தாய். எனக்கு அழுகைதான் வந்தது. அடுத்த நாள் அந்தக் குடையின் சீலையைக் கழற்றி, நடுவில் தலை போகிற மாதிரி வெட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாய். திரும்பி வரும்போது தோளும் முதுகும் காய்ந்திருந்தன. "அம்மா, எத்தினை குடை இந்தக் கொழும்பிலை உடையுது, அவ்வளவும் எங்கை போகுது?" என்று கேட்டாய். எனக்கென்னடா தெரியும், குப்பை லொறியில் போகும் என்றேன். அந்த ஒரு கேள்வியில் தொடங்கியது இவ்வளவும்.

பிறகு கொட்டாஞ்சேனையில் குடை விற்றும் திருத்தியும் கொடுக்கிற றிஸ்வி நாநாவைப் பிடித்தாய். திருத்த முடியாத குடைகளின் சீலையை அவர் சாக்கில் கட்டி வைக்க, நீ சைக்கிளின் பின்னால் வைத்துக் கொண்டு வந்தாய். எங்கள் பல்கனிக் கொடியில் முக்கோண முக்கோணமாகக் குடைச்சீலை காய்ந்ததைப் பார்த்து, எதிர்மாடி மனுசி "என்ன, கோயில் திருவிழாவோ?" என்று கேட்டாள். ஒரு குடைக்கு எட்டுத் துண்டு, ஒரு சட்டைக்கு இரண்டு குடை என்று நீ கணக்குப் போட்டாய். கம்பி உரசிய மடிப்பில் ஊசித்துளை இருக்கும், அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டும். வெயிலில் வெளுத்த சீலையை விரலால் இழுத்தாலே கிழியும், அது ஆகாது. மிச்சத்தைக் கிண்ணம் மாதிரிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். தைக்கிற வேலை என்னிடம் வந்தபோது நானும் சும்மா இருக்கவில்லை. ஓட்டுக் கூரை மாதிரி மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் விழ வேண்டும், இல்லாவிட்டால் தையலுக்குள்ளால் தண்ணீர் போகும் என்று சொன்னது யார்? நான்தானே! கண்காட்சியில் கொடுக்க நீ அச்சடித்த தாளில் அதை எங்கும் காணவில்லை. அது இருக்கட்டும்.

முன்பக்கம் ஹாண்டிலுக்கு மேல் விரிந்து கிடக்க, பெருவிரலை மாட்ட இரண்டு வளையம் தேவைப்பட்டது. பழைய கார்களின் சீட் பெல்டை வெட்டி அதற்கு எடுத்தாய். வீதி வேலைக்காரர்கள் கழித்துவிட்ட அங்கிகளில் இருந்து வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டியைப் பிரித்து முதுகில் வைத்தாய். கிளிப் எல்லாம் பழைய புத்தகப்பைகளில் கழற்றியது. தைத்த நூலும், தையலின் உள்பக்கம் ஒட்டுகிற பட்டியும் மட்டும் கடையில் வாங்கியவை. அதைக்கூட மறைக்காமல் கழுத்து லேபலில் "நூலும் ஒட்டுப்பட்டியும் புதியவை" என்று எழுத வேண்டும் என்று நின்றாய். யாரடா அதைப் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்டேன். "நான் பார்ப்பன் அம்மா" என்றாய். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் ரெயின்கோட் முடிந்த நாளை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இந்த வீட்டில் புதுத்துணி எது வந்தாலும் ஓரத்தில் ஒரு புள்ளி மஞ்சள் வைக்காமல் யாரும் உடுத்ததில்லை. நீ பல்கலைக்கழகம் போகிற நாளில் வாங்கிய காற்சட்டைக்கும் வைத்தேன், அப்பா முகம் துடைக்கிற கைலேஞ்சிக்கும் வைத்தேன். அந்த ரெயின்கோட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குசினிக்குள் வந்து, "அம்மா, மஞ்சள் வையுங்கோ, நாளைக்குப் போடப்போறன்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "குடைச்சீலைக்கு மஞ்சளோ? போடா விசரா. பழசுக்கு ஆரும் மஞ்சள் வைக்கிறதோ?" நீ சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் போனாய். ஆனால் உன் முதுகு சிரிக்கவில்லை. பெற்றவளுக்கு அது தெரியும். தெரிந்தும் கூப்பிடவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குப் பதினேழு வயதில், கலவரத்தில், நாங்கள் வீட்டை விட்டு ஓடி, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த கதை உனக்குத் தெரியும். சட்டைக் கதை தெரியாது. உடுத்த துணியோடு வந்த எங்களுக்குச் சனங்கள் மூட்டை மூட்டையாகப் பழைய உடுப்புக் கொண்டு வந்து கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது வெள்ளைப் பூப்போட்ட ஒரு நீலச் சட்டை. அதன் கழுத்தின் உள்பக்கம் சிவப்பு நூலால் வேறொரு பிள்ளையின் பெயர் தைத்திருந்தது. அந்தப் பெயர் நாள் முழுக்க என் பிடரியில் உரசிக்கொண்டே இருந்தது. ஒரு சட்டை ஊசியைக் கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் குத்திப் பிரித்தேன். பிரித்த பிறகும் துளைகள் இருந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் பெயரை வாசிக்கலாம். என் பிள்ளைக்கு இன்னொருவர் போட்ட சட்டை கிடையாது என்று அன்றைக்கே முடிவு கட்டியவள் நான். கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை, முடிவு மட்டும் இருந்தது!

நீ பிறந்து, பள்ளிக்கூடம் போய், பாடப்புத்தகம் கொண்டு வந்தாய். முந்தின வருசப் பிள்ளைகள் படித்துக் கொடுத்த புத்தகம். உள்ளட்டையில் அவர்களின் பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. நான் பிரவுண் தாளால் உறை போடும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பசை பூசி ஒட்டிவிட்டேன். நீ என்ன செய்தாய்? ஒரே கிழமையில் ஈரத்துணி வைத்துத் தாளை உரித்தெடுத்து, மூன்று பெயர்களுக்குக் கீழே உன் பெயரை எழுதி, "அம்மா, நான் நாலாவது ஆள்!" என்று காட்ட ஓடி வந்தாய். ஏதோ ஓட்டப்போட்டியில் வென்ற மாதிரி உன் முகம். நான் உனக்கு அடித்தேன். புத்தகத்தைப் பழுதாக்கியதற்கு என்று சொல்லித்தான் அடித்தேன். அது அதற்கல்ல என்று இப்போது எழுதிக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்.

இனிக் குற்றத்துக்கு வருகிறேன். கண்காட்சிக்குப் பத்துச் சட்டை வேண்டும் என்றாய். ஆறு தைத்து முடித்த நேரம் கருநீலச் சீலை தீர்ந்துபோனது. அந்த நிறம்தான் எடுப்பு என்று நீயே சொல்லியிருந்தாய். அப்போது நீ களனிப் பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் பழைய குடை சேர்க்கிறேன் என்று அலைந்து திரிந்தாய். எனக்கோ ஒரே பயம். வெளிநாட்டுக்காரர் தூக்கிப் பார்ப்பார்களே, எங்கேயாவது ஒரு துளை, ஒரு மங்கல் கண்டால் என் பிள்ளையை என்ன நினைப்பார்கள்? பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். பளபளவென்று இருந்த கருநீலச் சீலையை, கத்தரி படாத புதுச்சீலையை, வாங்கிக்கொண்டு வந்தேன். குடைத் துண்டு மாதிரியே முக்கோணமாக வெட்டி நாலு சட்டையையும் அதில் தைத்துவிட்டேன். பழசு மாதிரித் தெரிய வேண்டும் என்று ஒரு துண்டைக் கையால் கசக்கியும் பார்த்தேன் என்று சொன்னால் நீ நம்புவாயோ? அவ்வளவு தூரம் போனவள் உன் அம்மா.

நீ வந்தாய். பத்தையும் கட்டிலில் பரப்பினாய். பத்துக்குள்ளே போய் என்னுடைய கள்ளச் சட்டைகளில் ஒன்றைத்தான் தூக்கினாய்! "அம்மா, இதைப் பாருங்கோ, என்ன வடிவு! ஆரும் இதைப் பழசெண்டு சொல்லுவினமோ?" என்று என்னைக் கட்டிப்பிடித்தாய். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதுதான் வெட்கம். அப்பா பேப்பருக்கு மேலால் என்னை ஒருதரம் பார்த்தார். புறக்கோட்டைப் பையை அவர் கண்டிருந்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நீ அந்தச் சட்டையையே படம் எடுத்து, உன் தாளின் முன்பக்கத்தில் போட்டு, அச்சடித்தும் கொண்டு வந்துவிட்டாய். அந்தக் கட்டு இப்போது உன் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பது புதுச்சீலை, தம்பி. உன் தாளின் முதல் பக்கமே பொய்.

குளியலறையில் நீ அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்த ஒவ்வொரு காலையும் என் கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. போன செவ்வாய்க்கிழமை நீ ஒஃபீசுக்குப் போன பிறகு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை என்றால் மழை, கடலே தெரியாத மழை. அன்று நீ பஸ்ஸில் போயிருந்தாய், சைக்கிள் கீழே நின்றது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. உன் சட்டை துளை விட்டு ஒழுகுகிறது என்று கண்ணால் கண்டால், நான் செய்தது சரி என்று மனம் ஆறும் என்று நினைத்தேன்போல. குடைச்சீலைச் சட்டை ஒன்றும் புதுச்சீலைச் சட்டை ஒன்றும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். முதலில் புதுச்சீலையைப் போட்டேன். சைக்கிளில் ஏறி நாற்பது வருசம் இருக்கும். முதல் மிதியிலேயே கேற்றோடு மோதினேன். பிறகு கால் தானாகவே ஞாபகம் வைத்துக்கொண்டது. எங்கள் வீட்டு ஒழுங்கையைத் தாண்டி வீதிக்கு வருவதற்குள் முதுகு ஈரம்! மரைன் டிரைவுக்குத் திரும்புவதற்குள் சட்டையும் நானும் ஒன்றாக ஒட்டிக்கொண்டோம். அவ்வளவு பளபளப்பும் மழைக்கு முன்னால் ஒரு சதத்துக்கு உதவவில்லை.

திரும்பி வந்து, தலையைத் துடைத்து, உடுப்பு மாற்றி, குடைச்சீலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மறுபடியும் போனேன். பெருவிரலை வளையத்தில் மாட்டினேன். மழை டம டம என்று தலைக்கு மேல் அடிக்கிறது, முன்பக்கத்தால் வழிந்து ஓடுகிறது, உள்ளே நான் வீட்டுக்குள் இருக்கிற மாதிரிக் காய்ந்துபோய் இருக்கிறேன்! ஒரு பக்கம் கடல், பக்கத்திலேயே ரயில், ஜன்னலில் நின்ற பெடியள் எனக்குக் கை காட்டுகிறார்கள். நானும் காட்டினேன்! ஒரு ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "அம்மே, பரிஸ்ஸமிங்!" என்று கத்தினார். கவனமாகப் போகச் சொன்ன மனிசனைப் பார்த்து நான் மணி அடித்தேன். தம்பி, நான் அழுதுகொண்டே சிரித்தேன். எத்தனையோ பேரை எத்தனையோ மழையில் வீடு சேர்த்த சீலை அது. நான் அதைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

ரெண்டு நாள் கழித்து றிஸ்வி நாநாவிடம் போனேன். புதுச்சீலையில் ஒரு துண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது லைனிங் சீலை, தங்கச்சி. குடைச்சீலைண்டா உள்பக்கம் பூச்சு ஈக்கும், அதுதான் தண்ணிய நிப்பாட்டும். மகன்ட கேட்டீந்தா செல்லீப்பாரே" என்றார். மகனிடம் கேட்க முடியாத வேலை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கருநீலம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "ஸ்கூல் புள்ளயள்ட குடையெல்லாம் அந்தக் கலர்தான். ஆனா இப்ப மூணு சட்டைக்கித்தான் ஈக்கிது. மழை முடியட்டும், சாக்கு நெறய வரும்." மழை முடியும்வரை உன் விமானம் காத்திருக்குமா? இருந்ததை வாங்கிக்கொண்டு வந்து கழுவி, காயவைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, நீ வேலைக்குப் போன நேரங்களில் மூன்று சட்டை தைத்தேன். கள்ளச் சட்டைகளின் கழுத்திலிருந்து உன் லேபலைப் பிரித்தெடுத்து இவற்றில் வைத்தேன். பெயர் பிரிக்கிற வேலை எனக்குப் பழக்கம்தானே.

நாலாவதுக்குச் சீலை இல்லை. கதவுக்குப் பின்னால் தொங்குகிற, இரண்டு குடையின் சீலை வரக்கூடிய அப்பாவின் பெரிய கருநீலக் குடை என் கண்ணில் பட்டது. கைபிடியைத் தொட்டேன், அவ்வளவுதான், "என்னத்தைத் தேடுறீர்?" என்று குரல் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முக்கால்வாசி தெரிந்துதான் இருந்தது. "அவன் உடைஞ்ச குடை மட்டுந்தான் எடுப்பான். நல்ல குடையை வெட்டினீர் எண்டால் அதுவும் பொய்தானே?" என்றார். அவர் எழும்பி வந்து, குடையை வாங்கி விரித்து, நடுக்கம்பியை முழங்காலில் வைத்து ஒரே அழுத்து! டக்கென்று முறிந்தது. "இந்தா, உடைஞ்சிட்டுது. வெட்டும்" என்று கையில் தந்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாசலில் அந்தக் குடையை உன் பக்கம் சரித்துப் பிடித்து, தன் வலது தோளை நனைத்துக்கொண்டு வந்த மனிசன். இந்தத் தந்திரத்தை நீ ஏற்பாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது. உன் விதிப்படி அது சரியில்லை என்றால் ஒன்பதோடு போ, நான் கோபிக்க மாட்டேன். கழுத்தில் சீட் பெல்ட் துண்டை வைத்துத் தைத்திருப்பது அதுதான், பார்த்து அறிந்துகொள்.

இப்போது உன் பையில் இருக்கிற பத்திலும் ஒரு துண்டு புதுச்சீலை இல்லை. உன் வசனத்தை நீ நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். ஆனால் அலுமாரிக்கு மேல் இருக்கிற கட்டை நீ கொண்டு போகக்கூடாது. நாளை முழு நாளும் இருக்கிறது. வேறு படம் எடு, அச்சகத்துக்கு ஓடு, நேரம் போதாவிட்டால் கையால் எழுதிக்கொண்டு போ. கோபம் வரும், வரட்டும், என்னோடு சத்தம் போடு, இரவுச் சாப்பாட்டை மட்டும் விடாதே. இனி உன் தொழிலில் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கொஞ்சம் கவனமாகப் பார். அன்பாகத்தான் செய்வார்கள், என்னைப் போலவே. உனக்கு வெட்கமில்லாத இடத்தில் தங்கள் வெட்கத்தைக் கொண்டு வந்து தைத்துவிடுவார்கள். அந்த நாலு லைனிங் சீலைச் சட்டையையும் நான் எறியவில்லை. பிரித்துத் தலையணை உறை தைக்கப்போகிறேன், அதற்கு மழை படாது.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. இன்று காலை நீ படியிறங்கிப் போன சத்தம் கேட்டவுடன் முகம் கழுவி, சாமிக்கு விளக்கேற்றி, மஞ்சள் குழைத்தேன். பத்துச் சட்டையையும் மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். கழுத்துப் பட்டியை மடித்துப் பார், லேபலுக்குக் கீழே இருக்கும். யாராவது அது என்ன கறை என்று கேட்டால், புதுச்சட்டைக்கு அம்மா வைத்த மஞ்சள் என்று சொல்லு.

உன் வரவைப் பார்த்து பல்கனியில் நிற்கிற,
அம்மா